‘மேக்’ என்று மட்டும் அடிக்கச் சொல்லாதீர்கள்: டெல்டா கல்லூரிகளின் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் மன்னார்குடிக்காரன். மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் கடைசி வருட ப்ராஜெக்டுக்குக் கைகொடுப்பது வழக்கம். போன மாதம் ஒரு லேபில் பார்த்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது.

ஒரு மாணவி சி ப்ளஸ் ப்ளஸ் ப்ராஜெக்ட் ஒன்றை பில்ட் செய்துகொண்டிருந்தார், அதாவது எழுதிய ப்ரோக்ராமை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றிக்கொண்டிருந்தார். 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷின். பில்ட் வேலைகளை வரிசைப்படி ஓட்டும் கருவி மேக் (make). எங்கேயோ பார்த்து ‘மேக் -ஜே’ (make -j) என்று அடித்து என்டர் தட்டினார். கொஞ்ச நேரத்தில் மவுஸ் நகரவில்லை. சிபியூ பெட்டியின் ஹார்டு டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார். மறுபடி அதையே அடித்தார். மூன்றாம் முறை, “இந்த மெஷின் சரியில்லைண்ணா, வேற சிஸ்டத்துக்கு மாறிக்கிறேன்” என்றார்.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. -ஜே-க்குப் பின்னால் ஓர் எண் வர வேண்டும். எண் இல்லாவிட்டால், ஒரே நேரத்தில் எத்தனை வேலையைத் தொடங்கலாம் என்பதற்கு மேக்கிடம் வரம்பே கிடையாது. நடவுக்கு ஆள் விடும் கணக்குதான் இது. ஒரு மா நிலத்தில் நூறு பேரை இறக்கினால் நடவு சீக்கிரம் முடியாது, கால் வைக்க இடம் இருக்காது. நாற்றுப் பறித்த பிறகுதான் நடவு என்கிற வரிசை, மேக் படிக்கும் மேக்ஃபைல் என்கிற ஃபைலில் சரியாக எழுதியிருந்தால் -ஜே அதைக் கலைக்காது. ஆனால் ஓடுகிற ஒவ்வொரு கம்பைலருக்கும் ரேமில் இடம் வேண்டும் என்பதை அது பார்க்காது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். ‘மேக் -ஜே2’ என்று மாற்றி அடித்தோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பில்ட் முடிந்திருந்தது.

அவருடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். நோக்கம், அல்காரிதம், ப்ரோக்ராம், அவுட்புட், முடிவு எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. என்ன கமாண்ட் அடித்தார், எந்த ஆப்ஷன் கொடுத்தார் என்று ஒரு வரி இல்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கு வருத்தம் அங்கேதான்.

இன்னொரு மாணவர், பில்ட் ஆன மென்பொருளை மெஷினில் நிறுவ ‘மேக் இன்ஸ்டால்’ அடித்தார். அனுமதி இல்லை என்று வந்தது. அட்மின் சார் வருவார் என்று மத்தியானம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூட் பாஸ்வேர்டை மாணவர் கையில் கொடுக்காதது சரிதான், நானும் கொடுக்க மாட்டேன். ஆனால் பில்டுக்கு முன் மெஷினைச் சோதித்துத் தயார்செய்யும் கான்ஃபிகர் (configure) ஸ்கிரிப்டை ஓட்டும்போதே, எங்கே நிறுவுவது என்று சொல்லும் --ப்ரிஃபிக்ஸ் ஆப்ஷனில் தன் ஹோம் ஃபோல்டரைக் கொடுத்திருந்தால் பாஸ்வேர்டே தேவைப்பட்டிருக்காது. கொடுக்காவிட்டால் அது வழக்கமாக யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) என்கிற சிஸ்டம் ஃபோல்டருக்குள் போய் எழுதப் பார்க்கும். அங்கே சாதாரண யூசருக்கு இடமில்லை. ‘கான்ஃபிகர் --ஹெல்ப்’ என்று ஒரு தடவை அடித்திருந்தால் இதெல்லாம் திரையிலேயே வந்திருக்கும். மென்பொருளின் வசதிகளுக்கு எனேபிள், டிசேபிள், வெளி லைப்ரரிகளுக்கு வித், வித்அவுட் என்று பிரித்தே போட்டிருப்பார்கள்.

மேக்ஃபைலையே உருவாக்கித் தரும் சிமேக் (CMake) பக்கம் வந்தால் இன்னொரு குழி. வேக ஒப்பீடு செய்கிற ப்ராஜெக்டுகளில் பிள்ளைகள் பில்ட் டைப்பை, அதாவது பிழை தேடவா வெளியிடவா என்பதைச் சொல்வதே இல்லை. மேக்ஃபைல் வழியாகப் போகும்போது அதைச் சொல்லாவிட்டால், பொதுவாக வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷன் இல்லாமலே கம்பைல் ஆகிவிடும். -டி ஆப்ஷனில் ரிலீஸ் என்று கொடுத்துவிட்டு அளந்தால் எண்களே வேறு. அப்புறம், ஒரு தடவை கொடுத்த மதிப்பை சிமேக் கேஷ் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஆப்ஷனை விட்டுவிட்டாலும் பழைய மதிப்புதான் நிற்கும். “மாத்தினேன், ஆனா மாறலைண்ணா” என்று என்னிடம் வந்தவர்கள் பல பேர். சிமேக் 3.24 முதல் இதற்கு --ஃப்ரெஷ் என்றே ஓர் ஆப்ஷன் உண்டு.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கு அதன் பில்ட் கருவியான கிரேடிலின் (Gradle) --ஆஃப்லைன் ஒன்றே டேட்டாவை மிச்சப்படுத்தும். லைப்ரரிகள் ஏற்கெனவே இறங்கியிருந்தால் போதும்.

பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-ல் எழுதியது மேக். லினக்ஸ் கெர்னலை இன்றும் மேக் வைத்துத்தான் பில்ட் செய்கிறார்கள். ஆகவே பழசு, சிலபஸில் இல்லை என்று ஒதுக்காதீர்கள். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர் முதல் வாரத்தில் தொடுவது அல்காரிதத்தை அல்ல, பில்டைத்தான். அங்கே நம் பிள்ளைகள் திகைத்து நிற்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

நான் கேட்பது அதிகமில்லை. ரெக்கார்டு நோட்டில் அல்காரிதத்துக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே ‘பில்ட் கமாண்ட்’ என்று அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அடித்த ஆப்ஷன் எது, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். மேக்கை ஓட்டும் முன் -என் (-n) போட்டு, என்னென்ன நடக்கப் போகிறது என்று வாசிக்க வையுங்கள். லேப் போர்டின் மூலையில் அந்த மெஷின்களின் ரேமும், -ஜே-க்குப் போட வேண்டிய எண்ணும் சாக்பீஸில் நிரந்தரமாக இருக்கட்டும். பொங்கலுக்கு ஊரில்தான் இருப்பேன். கூப்பிட்டால் எந்த லேபுக்கும் வந்து பிள்ளைகளோடு ஒரு நாள் உட்காருகிறேன்.