திரையில் நிற்கும் தளபதி யார் சொன்ன தளபதி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகழ்பெற்ற படைத்தளபதிகளின் வாழ்க்கையைச் சொல்லும் போர்ப் படங்கள் வெளியாகும்போதெல்லாம் தங்கள் நாளிதழில் வரும் விமர்சனங்களை விடாமல் படித்து வருகிறேன். நடிப்பு, ஒளிப்பதிவு, போர்க்களக் காட்சிகளின் பிரம்மாண்டம் ஆகியவற்றைப் பற்றி அவை நிறைவாகவே பேசுகின்றன. ஆனால், திரையில் நாம் காணும் அந்தத் தளபதி யார் சொன்ன தளபதி என்ற கேள்வியை அவை எழுப்புவதே இல்லை. அவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதா, அவருடன் பணியாற்றியவர் சொன்னதா, அவரிடம் தோற்ற எதிரி சொன்னதா, அல்லது படம் எடுக்கப்பட்ட காலத்து அரசுக்குத் தேவைப்பட்டதா என்று தெரியாமல் இத்தகைய படம் ஒன்றை மதிப்பிட முடியாது என்பது வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. மாணவர்கள் விடைத்தாளில் தளபதிகளின் கூற்றென்று மேற்கோள் குறிக்குள் எழுதுவது பல நேரம் திரைக்கதையாசிரியரின் வசனமாக இருக்கிறது; அதைச் சிவப்பு மையால் அடிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டனைப் பற்றி 1970இல் வெளிவந்து 7 ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ‘பேட்டன்’ இந்த வகைப் படங்களில் தலைசிறந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாபெரும் அமெரிக்கக் கொடியின் முன்னால் ஜார்ஜ் சி. ஸ்காட் நின்று கரகரத்த குரலில் பேசும் தொடக்கக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உண்மையான ஜெனரல் பேட்டனின் குரல் கீச்சென்று உயர்ந்தது. இன்று உலகம் அவருடையதென்று நினைப்பதோ ஸ்காட்டின் குரலைத்தான். இதையாவது நடிகரின் உரிமை என்று விட்டுவிடலாம். ஆனால், அந்தப் படத்தின் ராணுவ ஆலோசகராக இருந்தவர், சிசிலியில் பேட்டனின் கீழும் பின்னர் பிரான்சில் அவருக்கு மேலதிகாரியாகவும் பணியாற்றிய ஓமர் பிராட்லி. அவருடைய போர் நினைவுக்குறிப்புகள் திரைக்கதைக்கு ஆதாரங்களில் ஒன்று. இருவருக்கும் இடையே உரசல்கள் இருந்தன. படத்தில் பிராட்லி நிதானமும் இரக்கமும் உள்ள மனிதராக, பேட்டனின் ஆவேசத்தை அடக்குகிற மனச்சாட்சியைப் போல வருவது தற்செயல் என்று நான் நம்பவில்லை. 1943 ஆகஸ்டில் சிசிலியில் இருந்த ராணுவ மருத்துவமனைகளில் பேட்டன் இரண்டு சிப்பாய்களைக் கோழைகள் என்று திட்டி அறைந்தார். படம் அதை ஒரே நிகழ்ச்சியாகச் சுருக்கிவிட்டது. அறைபட்டவர்களில் ஒருவருக்கு மலேரியா இருந்தது பிறகு பரிசோதனையில் தெரியவந்தது. ஒரு தளபதியின் முன்கோபத்தைச் சொல்லும் கதையாக அதைப் பார்ப்பதற்கும், காய்ச்சலில் கிடந்த ஒரு சிப்பாய் அடிபட்ட கதையாகப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

படங்களால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1970 ஏப்ரல் 30 அன்று கம்போடியாவுக்குள் படைகளை அனுப்புவதாக அறிவித்த அதிபர் நிக்சன், அந்த நாட்களில் இந்தப் படத்தை ஒரு தடவைக்கு மேல் பார்த்திருந்தார். ஒரு படம்தான் அந்த முடிவை எடுக்க வைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முடிவெடுப்பவர்களும் திரையரங்கின் இருட்டில் உட்காருகிறவர்கள்தாம்.

ரோம்மலின் கதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஹிட்லரின் இந்தத் தளபதியைப் பற்றி ஹாலிவுட் எடுத்த ‘தி டெசர்ட் ஃபாக்ஸ்’ வெளிவந்தது 1951இல், அதாவது போர் முடிந்து ஆறே ஆண்டுகளில். அதற்கு அடிப்படையான வாழ்க்கை வரலாற்றை எழுதிய டெஸ்மண்ட் யங், வட ஆப்பிரிக்காவில் ரோம்மலின் படையிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி. படத்தில் அவராகவே தோன்றவும் செய்கிறார். எதிரியே மெச்சுகிறான் என்பதைவிடப் பெரிய நற்சான்று ஒரு தளபதிக்குக் கிடைக்காது. ஆனால் அந்த மெச்சுதலில், தங்களைத் தோற்கடித்தவன் சாதாரணமானவன் அல்ல என்று சொல்லிக்கொள்ளும் ஆறுதலும் கலந்திருந்தது. மேற்கு ஜெர்மனியை மீண்டும் ஆயுதமேந்த வைப்பது பற்றி மேற்கு நாடுகள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நாஜிகளோடு ஒட்டாத, நேர்மையான ஜெர்மன் வீரர் ஒருவரின் தேவையும் இருந்தது. போர்க்காலத்தில் ரோம்மலைக் கதாநாயகனாக்கிச் செய்திப்படங்களில் காட்டியது கோயபல்ஸின் பிரசார அமைச்சகம் என்பதை நினைவில் வைத்தால், இரு தரப்பும் சேர்ந்து செதுக்கிய சிலை அது என்பது புரியும். 1944 அக்டோபர் 14 அன்று அவர் நஞ்சருந்த வைக்கப்பட்டது உண்மை. ஹிட்லரைக் கொல்லும் சதியை அவர் எந்த அளவுக்கு அறிந்திருந்தார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உடன்படவில்லை. இன்னொரு முக்கியமான செய்தி: ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை பிரிட்டன் தன் பிளெட்ச்லி பார்க் மையத்தில் உடைத்துப் படித்த ‘அல்ட்ரா’ ஏற்பாடு 1974 வரை பொதுமக்களுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தது. ரோம்மலுக்கு எரிபொருள் ஏற்றி வந்த கப்பல்கள் மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1974க்கு முன் எடுக்கப்பட்ட படங்களில் அந்தக் குறியீட்டு அறிஞர்கள் இருந்திருக்கவே முடியாது. அவர்கள் இல்லாத இடத்தைத் தளபதிகளின் உள்ளுணர்வு நிரப்பிக்கொண்டது.

ஆளும் அரசே தளபதியைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் உண்டு. 1242இல் பனி உறைந்த ஏரியில் ஜெர்மானிய வீரர்களை முறியடித்த ரஷ்ய இளவரசர் அலெக்சாண்டர் நெவ்ஸ்கியைப் பற்றி சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1938இல் எடுத்த படம், 1939இல் ஸ்டாலின் ஹிட்லருடன் ஒப்பந்தம் செய்துகொண்டதும் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1941இல் ஹிட்லர் படையெடுத்ததும் மீண்டும் திரைக்கு வந்தது. 1942இல் அந்தத் தளபதியின் பெயரில் சோவியத் அரசு பதக்கம் ஒன்றை நிறுவியபோது, அவருடைய உண்மையான உருவப்படம் எதுவும் இல்லாததால், அதில் பொறிக்கப்பட்டது படத்தில் நடித்த நிக்கோலாய் செர்கசோவின் முகம். போர்முனையில் வீரம் காட்டிய அதிகாரிகள் தங்கள் மார்பில் ஒரு நடிகரின் முகத்தை அணிந்திருந்தார்கள்.

நம் நாட்டுப் படங்களுக்கும் இது பொருந்தும். 1971 வங்கதேசப் போரின்போது நம் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷா மீது எனக்குள்ள மரியாதை குறையாதது. ஆயினும், 1971 ஏப்ரலில் அமைச்சரவைக் கூட்டத்தில் இந்திரா காந்தி உடனே போருக்குச் செல்லச் சொன்னதாகவும், மழைக்காலத்தையும் படைகளின் ஆயத்தமின்மையையும் காட்டித் தாம் மறுத்ததாகவும் நாம் அறியும் புகழ்பெற்ற காட்சிக்கு முதன்மையான ஆதாரம் அவரே பிற்காலத்தில் மேடைகளில் சொன்னது. அன்றைய ஆவணங்களை ஆராய்ந்த ஸ்ரீநாத் ராகவன் போன்ற வரலாற்றாசிரியர்கள், அரசே அப்போது உடனடிப் போரை நாடவில்லை என்று வாதிடுகிறார்கள். 2023இல் மானெக்ஷாவைப் பற்றிய ‘சாம் பகதூர்’ படம் வந்தபோது இந்த விவாதத்தை விமர்சனங்கள் ஒரு வரியிலாவது தொட்டிருக்க வேண்டும். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதியை ஏற்றுக் கையெழுத்திட்ட ஜக்ஜித் சிங் அரோராவும், மாதக்கணக்கில் கெரில்லாப் போர் நடத்திய வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினியும் ஒற்றைத் தளபதியின் கதைக்குள் எவ்வளவு சிறியவர்களாகிவிடுகிறார்கள் என்பதையும் கேட்டிருக்கலாம்.

இரண்டரை மணி நேரப் படம் பாடநூலாக முடியாது என்பதை நான் அறிவேன். சட்டைப் பொத்தான்களைக் கணக்கெடுப்பது என் நோக்கமல்ல. ‘பேட்டன்’ படத்தில் ஓடுவது ஸ்பெயின் ராணுவத்திடமிருந்த, போருக்குப் பிந்தைய டாங்கிகள் என்பது என்னை ஒருபோதும் உறுத்தியதில்லை. என் கவலை, வெற்றியின் பெருமை யாருக்குப் போகிறது என்பதைப் பற்றியது. 1944 ஆகஸ்டு இறுதியில் பேட்டனின் படை எரிபொருளின்றி நின்றபோது, ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் இரவு பகலாக லாரிகளை ஓட்டிப் பொருள் சேர்த்தவர்களில் பெரும்பாலோர், அந்த ராணுவத்திலேயே தனிப் பிரிவுகளாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கறுப்பின வீரர்கள். பேட்டனின் வேகம் என்று நாம் வியப்பதில் பாதி அவர்களுடையது.

இதைத் திரையில் கொண்டுவர முடியாது என்றும் சொல்ல முடியாது. 1970இல் போண்டார்ச்சுக் இயக்கிய ‘வாட்டர்லூ’ ஆயிரக்கணக்கான சோவியத் வீரர்களைக் களத்தில் இறக்கி எடுக்கப்பட்டது. அதில் பிரெஞ்சுக் குதிரைப்படை மோதும் சதுர அணியிலிருந்து ஓர் இளம் பிரிட்டிஷ் சிப்பாய் வெளியே ஓடி வந்து, ஏன் ஒருவரையொருவர் கொல்கிறோம் என்று கதறுகிறான். நெப்போலியனையும் வெலிங்டனையும் பற்றிய படத்தில் அந்தச் சில நொடிகள் அவர்கள் இருவரிடமிருந்தும் கதையைப் பிடுங்கிக்கொள்கின்றன. இதற்கு மாறாக, 2023இல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘நெப்போலியன்’, அவருடைய போர்களில் 30 லட்சம் பேர் இறந்ததைப் படம் முடிந்த பின் எழுத்துகளாகக் காட்டுகிறது. அந்த எண்களைப் படிக்கும்போது பார்வையாளர்களில் பலர் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டிருப்பார்கள்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இத்தகைய படங்களின் விமர்சனத்தோடு, திரைக்கதை எந்த நூலை, யாருடைய வாய்மொழியைச் சார்ந்தது, தளபதியின் குடும்பமோ ராணுவமோ படத்துக்கு உதவியதா, படத்தின் மையக் காட்சியை வரலாற்றாசிரியர்கள் எவரேனும் மறுத்திருக்கிறார்களா என்பதைச் சொல்லும் ஒரு சிறு பெட்டிச் செய்தியையும் வெளியிட வேண்டும். போர் வரலாறு அறிந்த பேராசிரியர்களும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் கேட்டால் எழுதித் தருவார்கள். படம் வெளியாகும் வாரத்திலேயே அது வந்தால்தான் திரையரங்குக்குப் போகும் இளைஞர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்