சனி ஞாயிறுல நான் எங்க சுத்துறேன்னா

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் போன்ல "லீவு நாள்ல ரூம்லயே அடைஞ்சு கெடக்கியா"ன்னு கேட்ட இல்ல, அப்ப பஸ்ல இருந்தேன், சரியா பேச முடியல, அதான் உக்காந்து எழுதுறேன். அடைஞ்செல்லாம் கெடக்கல. லண்டன் வந்த புதுசுல அப்படித்தான் இருந்தேன்னு வெச்சுக்கோ, குளிர்காலம், நாலு மணிக்கே இருட்டிடும், யாரையும் தெரியாது, போர்வைக்குள்ள போன நோண்டிக்கிட்டு கெடப்பேன். அப்புறம் ஒருநாள் மழைக்கு ஒதுங்குற சாக்குல பிரிட்டிஷ் மியூசியத்துக்குள்ள போனேன். ஸ்பெஷல் எக்ஸிபிஷனுக்குத்தான் டிக்கெட், மத்தபடி சும்மாவே உள்ள போகலாம்.

மொத நாள் பண்ண தப்பு, எல்லாத்தையும் பாத்துடணும்னு ஓடினது. எகிப்து, கிரீஸ், அசீரியான்னு மூணு மணி நேரம் ஓடி, வெளிய வந்து யோசிச்சா ஒண்ணுகூட மனசுல நிக்கல, கால் வலியும் போன்ல 200 போட்டோவும்தான் மிச்சம். அவங்ககிட்ட மொத்தம் 80 லட்சம் பொருள் இருக்காம், அதுல வெளிய வெச்சிருக்கறது 80,000 சொச்சம், அதாவது நூத்துல ஒண்ணு. அந்த ஒண்ணையே நம்மால முடிக்க முடியாது. அதனால இப்பல்லாம் ஒரு நாளைக்கு ஒரே ரூம், முடிஞ்சா ஒரே பொருள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை வரைக்கும் தொறந்திருக்கும், ஆபீஸ் முடிஞ்சு நேரா போயிடுவேன், அந்த நேரத்துல ஸ்கூல் புள்ளைங்க கூட்டம் இருக்காது. 33ஏ-ன்னு ஒரு ரூம், கல்லு பாழாகாம இருக்க கண்ணாடி போட்டு அடைச்சிருக்காங்க, உள்ள ஆந்திராவுல இருந்த அமராவதி புத்த ஸ்தூபியோட சுண்ணாம்புக்கல் சிற்பம். அதுல ஒரு கல்லு என்ன விடவே இல்லக்கா, ரெண்டு பக்கமும் செதுக்கினது. பழைய பக்கம் கிமு 1ஆம் நூற்றாண்டு. அதுல புத்தர் கெடையாது. ஒரு மரம், மரத்தடியில காலி ஆசனம், கீழ ரெண்டு பாதம், சுத்தி கும்புடுறவங்க, அவ்ளோதான். ஆள் இல்லாமயே ஆள காட்டிட்டான் பாரு. முன்னூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் இன்னொருத்தன் அதே கல்ல திருப்பிப் போட்டு, பின்பக்கத்துல முழு ஸ்தூபியையே வேலி, சிங்கம்னு ஒரு இடம் விடாம செதுக்கித் தள்ளியிருக்கான். நல்ல கல்லு, எதுக்கு வீணாக்கணும்னு நெனச்சிருப்பான் போல. எனக்கு என்னவோ பழைய பக்கம்தான் புடிச்சிருக்கு.

அங்கேர்ந்து பொடிநடையா போனா பிரன்ஸ்விக் சென்டர்ல பெர்தா டாக்ஹவுஸ், டாக்குமெண்டரி மட்டுமே போடுற தியேட்டர், 2015ல தொறந்தது. டாக்குமெண்டரின்னாலே கொட்டாவி விட்டவன் நான், உனக்கே தெரியும். இங்க பல நாள் படம் முடிஞ்சதும் எடுத்தவங்களே வந்து உக்காந்து பேசுறாங்க, கேள்வி கேக்கலாம். நான் இன்னும் ஒரு தடவகூட கேக்கல, மனசுக்குள்ள இங்கிலீஷ கோத்து முடிக்கறதுக்குள்ள மைக் அடுத்த ஆள்கிட்ட போயிடுது. கேள்வி கேக்கறேன்னு எழுந்து அஞ்சு நிமிஷம் சொந்தக் கதை பேசுற ஆளுங்க இங்கயும் இருக்காங்க, கவலப்படாத.

தேம்ஸ் ஆத்தங்கரையில பிஎஃப்ஐ சவுத்பேங்க்னு ஒரு சினிமா மையம், அங்க மீடியாதேக்னு ஒரு ரூம்ல பழைய படங்கள ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஓசியிலயே பாக்கலாம். அங்கதான் நைட் மெயில் பாத்தேன், 1936ல தபால் இலாகாவே எடுத்த படம், அரை மணி நேரம்கூட இல்ல. லண்டன்லேர்ந்து ஸ்காட்லாந்துக்கு ராத்திரியில போற தபால் ரயில், ஓடுற ரயிலுக்குள்ளயே லெட்டர ஊர்வாரியா பிரிச்சுப் போடுறாங்க. பையத் தூக்கி வெளிய தொங்கவிடணும், தண்டவாளத்து ஓரத்துல இருக்கற வலை லபக்குன்னு புடிச்சிக்கும், ரயில் நிக்கவே நிக்காது. எப்ப தொங்கவிடணும்னு வேலைக்குப் புதுசா வந்த பையனுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கறாங்க, ரெண்டு பாலம் தாண்டணும், அப்புறம் சக்கரம் தண்டவாளத்துல தட்டுற சத்தம் 45 எண்ணணும். அவன் எண்ண எண்ண நானும் விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தேன், பக்கத்து சீட்டு பாட்டி திரும்பிப் பாத்தாங்க. இதுல கூத்து என்னன்னா லெட்டர் பிரிக்கற சீனெல்லாம் ஓடுற ரயில்ல எடுக்கல, ஸ்டுடியோவுல செட் போட்டு, நெஜ தபால்காரங்களையே நிக்கவெச்சு, லேசா ஆடுங்கன்னு சொல்லி எடுத்திருக்காங்க! டாக்குமெண்டரின்னா அத்தனையும் நெஜம்னு நம்பிக்கிட்டிருந்தேன். அது தெரிஞ்சப்புறம் திரும்பப் பாத்தா ஒருத்தர் கொஞ்சம் ஓவராவே ஆடுற மாதிரி எனக்குத் தோணுது.

ஆகஸ்ட் கடைசியில நாட்டிங் ஹில் கார்னிவல் போனேன், கரீபியன் ஆளுங்க திருவிழா, ஸ்டீல் டிரம் சத்தம் நெஞ்சுல வந்து இடிக்குது, ஆனா கூட்டம்னா கூட்டம், ஒரு மணி நேரத்துல தப்பிச்சோம் பொழச்சோம்னு ஓடி வந்துட்டேன். எனக்கு வெள்ளிக்கிழமை ரூம்தான் சரி.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த அமராவதிக் கல்லுல பெரும்பாலானது எலியட்னு ஒரு வெள்ளைக்காரர் 1845ல தோண்டி எடுத்து மெட்ராஸுக்குக் கொண்டுவந்தது, பல வருஷம் அங்கயே கெடந்து, 1859லதான் லண்டனுக்குக் கப்பல் ஏறியிருக்கு. அமராவதிக் கல்லு இன்னும் எழும்பூர் மியூசியத்துல இருக்கு. நீ ஒருநாள் போய், அந்தக் காலி ஆசனம் அங்கயும் இருக்கான்னு பாத்து எழுது. போட்டோ வேணாம், எழுது. வேற எந்த ரூமுக்கும் போகாத, அப்புறம் கால் வலிக்குதுன்னு என்னத் திட்டுவ.

உன் தம்பி