நீ விட்டுச்சென்ற இரண்டு பெட்டிப் புத்தகங்கள்

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள முகிலனுக்கு,

உன் நண்பனோடு சேர்ந்து தொடங்கப்போகும் மென்பொருள் தொழிலுக்காக நீ அனுப்பிய திட்ட அறிக்கை கிடைத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. ‘படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும்மா’ என்று நீ இரண்டு முறை கேட்டும் நான் பிடிகொடுக்காமல் பேசியது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். தொலைபேசியில் பேசினால் உன் அப்பா நடுவில் வாங்கிக்கொண்டு பெர்லினில் குளிர் எப்படி என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார். நானும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அறிக்கைக்கு வருவதற்கு முன்னால், பெங்களூரு வீட்டைக் காலி செய்தபோது நீ இங்கே இறக்கிவிட்டுப் போன இரண்டு அட்டைப்பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்கிப் பணி ஓய்வுக்குப் பிறகு மாலை நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நாள் அவற்றைத் திறந்தேன். வணிகம், முதலீடு, கணினி, அறிவியல் புனைகதை என்று 34 புத்தகங்கள் இருந்தன. எட்டு மாதங்களில் 26 முடித்துவிட்டேன். 31 ஆண்டுகள் கடன் கோப்புகளைப் படித்த பழக்கம் விடவில்லை; கையில் பென்சில் இல்லாமல் எனக்குப் படிக்க வராது. உன் புத்தகங்களின் ஓரத்தில் என் கிறுக்கல்கள் இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. நீ மஞ்சள் மையால் கோடிட்ட வரிகளும் நான் பென்சிலால் கோடிட்ட வரிகளும் ஒரே பக்கத்தில் வருவது மிகவும் அபூர்வமாக இருப்பதைக் கவனித்தேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியதுதான்.

ஜிம் காலின்ஸ் 2001இல் எழுதிய ‘குட் டு கிரேட்’ புத்தகத்தில்தான் உன் மஞ்சள் கோடுகள் அதிகம். 1,435 நிறுவனங்களைச் சலித்து, 15 ஆண்டுகளில் பங்குச் சந்தையின் சராசரியைப் போல மூன்று மடங்காவது ஈட்டித் தந்த 11 நிறுவனங்களை மட்டும் நிறுத்தி, அவற்றுக்குள் பொதுவாக என்ன இருந்தது என்று தேடிய புத்தகம். அதன் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 11இல் ஒன்றான ஃபேனி மே 2008 செப்டம்பரில் அமெரிக்க அரசின் நேரடிப் பொறுப்புக்குப் போனது. இன்னொன்றான சர்க்யூட் சிட்டி அதே ஆண்டு நவம்பரில் திவால் மனு கொடுத்தது. விழுந்ததற்காக நான் குறை சொல்லவில்லை; எந்த நிறுவனமும் விழலாம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு சில நிறுவனங்களையும் காலின்ஸ் எடுத்துக்கொண்டார் என்பதும் உண்மை. ஆனால் யார் வென்றார், யார் தோற்றார் என்பது தெரிந்த பிறகுதான் இரண்டு தரப்பையும் விசாரித்தார். வென்றவரின் பிடிவாதத்தை மன உறுதி என்றும், தோற்றவரின் மன உறுதியைப் பிடிவாதம் என்றும் எழுதிவிட அப்போது யாருக்கும் கை கூசாது. பெரிய நிறுவனங்கள் எப்படி விழுகின்றன என்று காலின்ஸே 2009இல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். அது உன் பெட்டியில் இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பாய். நான் கிளை மேலாளரான முதல் ஆண்டில், தீக்குச்சி அடுக்கும் இயந்திரம் வாங்க ஒருவர் கடன் கேட்டு வந்தார். நேரில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திடுவேன் என்று வீறாப்பாகப் போய், அதே தெருவில் அதே இயந்திரத்தை வாங்கி நன்றாக நடத்திக்கொண்டிருந்த மூன்று பேரிடம் பேசினேன். மூவரும் ஒரே குரலில் நல்ல வார்த்தை சொன்னார்கள்; கடனைக் கொடுத்தேன்; இரண்டு ஆண்டுகளில் அது வாராக்கடன் ஆனது. தெருக்கோடியில் இரண்டு கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன. அவற்றை நடத்தியவர்களும் அதே இயந்திரத்தை வாங்கியவர்கள்தான் என்பது பிறகு தெரிந்தது. பூட்டிய கதவைத் தட்டினால் பதில் சொல்ல ஆள் இருக்காது என்பதால் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. தவறு முழுக்க என்னுடையது. அதற்கான விளக்கக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன்.

பெஞ்சமின் கிரஹாமின் ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ 1949இல் வந்தது. அதில் நீ கோடிட்டிருப்பது எட்டாவது அத்தியாயத்தை. சந்தை என்பது தினமும் வாசலுக்கு வந்து, ஒரு நாள் யானை விலையும் மறுநாள் அடிமாட்டு விலையும் சொல்லிக் கூவும் ஒரு கூட்டாளி, அவன் மனநிலைக்கு நீ கட்டுப்பட வேண்டியதில்லை என்கிற பகுதி. அருமையான பகுதிதான். என் பென்சில் கோடு கடைசிப் பக்கங்களில் இருக்கிறது; நீ அங்கே வரை போனதாகத் தெரியவில்லை, தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னாளைய பதிப்பில் சேர்த்த பிற்சேர்க்கையில் கிரஹாம், தனக்கு நன்கு தெரிந்த இரண்டு பங்காளிகளைப் பற்றிச் சொல்வதுபோலத் தன் கதையையே சொல்கிறார். ஆயுள் முழுதும் விதிகளின்படி, பல பங்குகளில் பிரித்துப் போட்டு, நிதானமாகச் சம்பாதித்தவர்கள் 1948இல் ஒரே ஒரு நிறுவனத்தின் பாதிப் பங்கை வாங்கினார்கள். அது கெய்கோ என்கிற வாகனக் காப்பீட்டு நிறுவனம். அந்தப் பங்கின் விலை பிற்பாடு 200 மடங்குக்கும் மேல் ஏறியது. அவர்களுடைய சொந்த அளவுகோலின்படியே விலை மிகையாகிவிட்ட பிறகும் அவர்கள் அதை விற்கவில்லை. 20 ஆண்டுகளாக விதிப்படி செய்த மற்ற எல்லா முதலீடுகளின் இலாபத்தையும் கூட்டினாலும், இந்த ஒன்று தந்த இலாபத்துக்கு அருகில் வரவில்லை. சுமார் 50,000 டாலர் கணக்கு வேறுபாட்டால் அந்த ஒப்பந்தமே முறிந்துபோக இருந்தது என்றும், குருட்டு அதிர்ஷ்டத்தால்தான் கைகூடியது என்றும் அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார்.

யோசித்துப் பார். ஒழுங்கைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியவர், தன் செல்வத்தில் பெரும்பகுதி அந்த ஒழுங்குக்குள் அடங்காத ஒரு காரியத்தால் வந்தது என்று கடைசியில் எழுதி வைக்கிறார். எழுதாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஒரு கடன்தாரர் தானாக முன்வந்து தன் கணக்கின் பலவீனத்தைச் சொன்னால் அவருடைய மற்றக் கணக்குகளையும் நான் நம்பத் தொடங்குவேன். கிரஹாமை நான் நம்பத் தொடங்கியதும் அந்த இடத்தில்தான். முந்தைய அத்தியாயங்களை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

ரோஜர் லோவன்ஸ்டைன் எழுதிய ‘வென் ஜீனியஸ் ஃபெயில்ட்’ எனக்கு இரண்டே நாளில் முடிந்தது. 1994இல் தொடங்கிய ஒரு முதலீட்டு நிதி. அதன் பங்காளிகளில் இருவர் 1997இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். அடுத்த ஆண்டே அது கவிழும் நிலைக்கு வந்து, 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 360 கோடி டாலர் போட்டுத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. 1998 தொடக்கத்தில் அவர்களுடைய சொந்தப் பணத்தைப் போல் சுமார் 25 மடங்கு கடன் இருந்தது. நூறு ரூபாய்ச் சரக்கில் நான்கு ரூபாய்தான் சொந்த மார்ஜின் என்று வைத்துக்கொள். எங்கள் கிளையில் மளிகைக் கடைக்காரர் அப்படிக் கேட்டிருந்தால் காபி கொடுத்து அனுப்பி வைத்திருப்போம்.

கிளேட்டன் கிறிஸ்டென்சனின் ‘தி இன்னோவேட்டர்ஸ் டைலெமா’வை நீ சொன்னதால்தான் எடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன், நல்ல புத்தகம். கணினித் தகட்டு நினைவகங்கள் 14 அங்குலத்திலிருந்து 8, பிறகு 5.25, பிறகு 3.5 என்று சுருங்கிய ஒவ்வொரு கட்டத்திலும் முன்னணியில் இருந்த நிறுவனங்கள் இடறியது ஏன் என்பதற்கு அவர் சொல்லும் காரணம் எனக்குப் புதிதாக இருந்தது. அவர்கள் தூங்கவில்லை, தங்களுடைய மிகச் சிறந்த வாடிக்கையாளர்கள் கேட்டதைக் கவனமாகச் செய்துகொடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த வாடிக்கையாளர்களுக்குச் சின்னது தேவைப்படவில்லை. படிக்கும்போது நம் ஊர் ஆலைகள்தான் கண்ணில் நின்றன. தீப்பெட்டியின் விலை 14 ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. அந்த விலைக்குள் எப்படி அடக்குவது என்று ஆலைக்காரர்கள் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் பெட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தது. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளுக்குச் சமம் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதியை அரசு தடை செய்தது. கிறிஸ்டென்சனின் புத்தகத்தில் அரசாணை என்ற பாத்திரம் கிட்டத்தட்ட வருவதேயில்லை. நம் ஊரில் அதுதான் கதையின் நடுவில் வந்து நின்றது. அவரும் தப்பாதவர் இல்லை. தன் கோட்பாட்டின்படி ஐஃபோன் வெற்றி பெறாது என்று 2007இல் சொன்னார். கோட்பாடு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை வகுத்தவரே சரியாகக் கணிக்கவில்லை என்றால், உன் அறிக்கையில் ஏழு இடங்களில் அவருடைய ‘டிஸ்ரப்ஷன்’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறாயே, அதை எந்தத் தைரியத்தில் போட்டாய் என்று கேட்கத் தோன்றியது.

உன் தொழில் சார்ந்த புத்தகங்களில் எனக்குப் பிடித்தது ஃபிரெட் புரூக்ஸின் ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ ஒன்றுதான். மற்றவை, இரண்டு ஆண்டில் பழசாகிப்போகும் கருவிகளின் விளம்பரம் போல இருந்தன. ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய கணினிக்கு இயக்க மென்பொருள் எழுதவைத்த அனுபவத்தை 1975இல் எழுதினார். தாமதமான வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற வரிக்கு நீ மஞ்சள் மை அடித்திருக்கிறாய். நான் கோடிட்டது 1995 பதிப்பில் அவர் சேர்த்த புதிய அத்தியாயங்களில். முதலில் எழுதும் மென்பொருளைத் தூக்கி எறியத் திட்டமிட்டுக்கொள் என்று 20 ஆண்டுகளுக்கு முன் தான் சொன்ன யோசனை தவறு, அது மிகவும் எளிமைப்படுத்தப்பட்டது என்கிறார். இன்னோரிடத்தில், தான் எதிர்த்து எழுதிய பார்னாஸ் என்பவர் சொன்னதே சரி, நான் சொன்னது தவறு என்று பெயரைச் சொல்லியே எழுதிவிடுகிறார். பழைய பதிப்பைத் திருத்தி அச்சடித்திருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

அறிவியல் புனைகதைகளைக் கடைசியாகத்தான் தொட்டேன். நீ எட்டாம் வகுப்பில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைப் படித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் நாய்க்குட்டி கேட்கும் வயதில் ஜீனோ போல இயந்திர நாய் வேண்டும் என்று அடம்பிடித்தது நினைவிருக்கிறதா? அப்போது எனக்கு அதில் நாட்டமில்லை. இப்போது அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையைப் படித்தபோது, இது நான் 31 ஆண்டுகள் படித்த திட்ட அறிக்கைகளின் கதையல்லவா என்று தோன்றியது. பல நூறு ஆண்டுகளுக்கு வரப்போவதைக் கணித மேதை ஹாரி செல்டன் கணக்குப் போட்டு வைத்துவிட்டு இறந்துபோகிறார். நெருக்கடி வரும்போதெல்லாம் அவருடைய பதிவுசெய்த உருவம் தோன்றிப் பேசும். ‘மியூல்’ பகுதியில், எதிரி வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் மக்கள் கூடியிருக்கிறார்கள், உருவம் தோன்றுகிறது, நடக்கவே நடக்காத ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. திரள் மக்களுக்குப் பொருந்தும் கணக்கில் அடங்காத ஒற்றை மனிதன் ஒருவன் பிறந்துவிட்டான். கணக்கின் மேல் கதையைக் கட்டியவரே அந்தக் கணக்கு உடைவதையும் எழுதினார். நான் படித்த எந்த வணிகப் புத்தகத்திலும் அப்படி ஒரு காட்சி இல்லை.

ஆர்தர் கிளார்க் இலங்கையில் குடியேறி அங்கேயே வாழ்ந்தவர். அவருடைய ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ 1979இல் வந்தது. விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதைத் தாங்கும் நிலையம் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு ஒத்துச் சுற்ற வேண்டுமானால் அடிவாரம் நிலநடுக்கோட்டில் இருந்தாக வேண்டும். இலங்கை அங்கே இல்லை. அதனால் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டேன் என்று கிளார்க் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார். மற்றக் கணக்கெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக எதை வளைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்.

இப்போது உன் அறிக்கை. 14 பக்கங்கள், ஐந்து ஆண்டுக் கணக்கு. சிறு ஆலைகளுக்குச் சரக்குக் கணக்கு எழுதும் மென்பொருள். முதல் ஆண்டு 40 வாடிக்கையாளர்கள், ஐந்தாம் ஆண்டு 600. ஐந்தாம் ஆண்டு எல்லா அறிக்கைகளிலும் அழகாகத்தான் இருக்கும். நீ எந்தத் தீவை எத்தனை கிலோமீட்டர் நகர்த்தினாய் என்பதைத்தான் நான் பென்சிலோடு தேடினேன். ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஒரு வாக்கியத்தில் ஒளிந்திருந்தது: ஆலை உரிமையாளர் தினமும் சரக்கிருப்பைப் பதிவு செய்வார். முகிலா, மாதம் பத்தாம் தேதிக்குள் வங்கிக்குத் தர வேண்டிய சரக்கு அறிக்கையையே, பெரும்பாலான ஆலைகளுக்கு ஆடிட்டர் அலுவலகப் பையன்தான் ஒன்பதாம் தேதி இரவு உட்கார்ந்து எழுதுவான். கொட்டகையில் எத்தனை மூட்டை மெழுகு கிடக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கணக்கப்பிள்ளைக்கு மட்டும் தெரியும், அவர் எழுதமாட்டார். உன் மென்பொருளை வாங்கப்போவது உரிமையாளரா, ஆடிட்டரா, கணக்கப்பிள்ளையா? இதற்கு விடை மாறினால் உன் 14 பக்கமும் மாறும்.

ஆகவே பதினைந்தாவதாக ஒரு பக்கம் எழுதி அனுப்பு. எது பொய்த்தால் கடையைக் கட்டுவீர்கள், எந்த மாதத்தில் அது தெரியவரும், அன்றைக்குக் கையில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று உன் கையாலேயே எழுது. உன் நண்பனும் தனியாக ஒன்று எழுதட்டும், இருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். பொங்கலுக்கு வரும்போது நான்கு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொள். ஓடுகிற மூன்று ஆலைகளுக்கும் பூட்டிக் கிடக்கிற இரண்டுக்கும் உன்னைக் கூட்டிப் போகிறேன். இந்த முறை பூட்டியவர்களின் வீட்டு முகவரியும் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட புத்தகங்களை அடுத்த வாரம் கட்டி அனுப்புகிறேன். கிரஹாமும் புரூக்ஸும் இங்கேயே இருக்கட்டும். அப்பா கிளார்க்கை எடுத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார். நீ கேட்ட தொகை என் வைப்புத்தொகைக் கணக்கில் இருக்கிறது. அது மாசி மாதம் முதிர்கிறது.

அன்புடன்,
அம்மா