சோளக்காட்டில் தேடுவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பொழுதுபோக்கு ராக்கெட்டுக்கான லெவல் 2 எழுத்துத் தேர்வு தேறிவிட்டாய், நான்கு அங்குல ஃபைபர்கிளாஸ் ராக்கெட் கிட்டும் வீடு வந்து சேர்ந்துவிட்டது. ரொம்ப சந்தோஷம். "எல்லாம் ஒட்டி முடித்த பிறகு டிராக்கரை எங்கே வைப்பது?" என்று கேட்டிருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. ஒட்ட ஆரம்பிக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது. இங்கே கலிஃபோர்னியாவில் லூசர்ன் வறண்ட ஏரி தோசைக்கல் மாதிரி கிடக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலும் ஆரஞ்சு பாராசூட் கண்ணில் பட்டுவிடும். உங்கள் இந்தியானாவில் ஆகஸ்ட் மாதம் மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். பத்தடி தள்ளிக் கிடந்தாலும் தெரியாது.

ராக்கெட் விழுந்த இடத்தை ரேடியோவில் சொல்லும் டிராக்கருக்கு இடம் மூக்குதான். நடுவில், உயரத்தை அளந்து, பாராசூட்டை வெளியே தள்ளும் கருமருந்தை வெடிக்கவைக்கும் ஆல்டிமீட்டர் இருக்கும் அறையில் இரண்டையும் சேர்த்துத் திணிக்காதே. டிராக்கர் அனுப்பும் அலை பக்கத்திலிருக்கும் ஆல்டிமீட்டரைக் குழப்பிவிட்டால் கருமருந்து கண்ட நேரத்தில் வெடிக்கும். போதாததற்கு அந்த அறையில் மேலிருந்து கீழாக இரண்டு திரெட் ராடு, அதாவது மரை போட்ட உலோகக் கம்பி, ஓடுகிறது. ஆன்டெனா அவற்றுக்குப் பக்கத்திலேயே இணையாக நின்றால் சிக்னல் அங்கேயே முடங்கிவிடும். உன் கிட்டில் மூக்கு நுனி அலுமினியம் என்றால், ஆன்டெனா முனை அதற்கு இரண்டு அங்குலமாவது கீழே நிற்கட்டும். நுனியை இறுக்கும் போல்ட்டை நீளமாக விட்டுவைக்காதே. சில்வர் பெயிண்ட் ஆசையையும் விட்டுவிடு, அதில் இருப்பது அலுமினியத் தூள். ஃபைபர்கிளாஸ் ரேடியோவுக்குக் கண்ணாடி மாதிரி. கார்பன் ஃபைபரோ தகரடப்பா. நல்லவேளை, நீ அதை வாங்கவில்லை.

எந்த டிராக்கர் என்பதில் பெரிய குழப்பம் வேண்டாம். 900 மெகாஹெர்ட்ஸில் 100 மில்லிவாட் அனுப்பும் எக்ஃபைண்டர் மாதிரியான ஜிபிஎஸ் டிராக்கருக்கு லைசென்ஸ் தேவையில்லை, நீயே சால்டர் செய்துகொள்ளலாம். 70 சென்டிமீட்டர் அலைவரிசையில் வேலை செய்யும் டெலிமெட்ரம் போன்றவற்றுக்கு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வேண்டும். அதற்கான முதல் நிலை டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விக்கு 26 சரியாக இருந்தால் போதும். உன் ஊருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அலைநீளம் கூடியது என்பதால் இலை தழைக்குள் கொஞ்சம் நன்றாக ஊடுருவும்.

எதை வாங்கினாலும் ஏவும் பேட்டுக்குக் கொண்டுபோய் சுவிட்ச் போடாதே. மேஜையிலேயே ஆன் செய்து, செயற்கைக்கோள்கள் பிடிபட்ட பிறகு மூக்கை மூடு. லைப்போ பேட்டரியை, டிராக்கரைத் தாங்கும் ஸ்லெட் பலகையோடு இரண்டு ஜிப் டை போட்டுக் கட்டு, கனெக்டருக்குத் தனியாக ஒன்று. கிளம்பும்போது விழும் இழுப்பில் முதலில் கழன்றுகொள்வது அந்தக் கனெக்டர்தான். மூக்கு தனியே பறந்துபோனால் டிராக்கர் மூக்கை மட்டும்தான் காட்டும். அதனால் மூக்கின் ஐபோல்ட் (வளையத் தலை போல்ட்) பாகங்களைப் பிணைக்கும் கெவ்லார் கயிற்றோடு சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார். இரண்டையும் இணைக்கும் குயிக் லிங்கைத் திருகி முடித்ததும் மேலே ஒரு சுற்று டேப்.

இனி ஒட்டு வேலை. ஃபைபர்கிளாஸ் குழாய் பளபளவென்று வரும், அந்தப் பளபளப்பில் எபாக்ஸி பிடிக்காது. ஒட்டப்போகிற இடத்தையெல்லாம் 80ஆம் நம்பர் உப்புத்தாளால் மங்கும்வரை தேய்த்து, ஆல்கஹாலால் துடை. ஈரம் வைத்தே தேய், மாஸ்க்கும் போட்டுக்கொள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஃபின்கள் (வால் இறக்கைகள்) அரைக்கால் அங்குல ஜி10 ஃபைபர்கிளாஸ் தகடு, நம்மூர் ஆசாரி கணக்கில் ஒரு நூல் கனம். அடிப்பாகம் குழாயின் பிளவுக்குள் நுழைந்து மோட்டார் குழாயில் போய் உட்கார வேண்டும். ஐந்து நிமிட எபாக்ஸியைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க மட்டும் பயன்படுத்து. சூட்டில் அது இளகிவிடும். மோட்டார் குழாயை நடுவில் பிடிக்கும் பின்வளையத்தை இப்போதே ஒட்டிவிடாதே. அது திறந்திருந்தால்தான் உள்ளே இருக்கும் மூட்டுகளில் எபாக்ஸி வழித்து ஃபில்லெட் போட முடியும். அவசரப்பட்டு மூடியவர்கள் பிறகு குழாயில் ஓட்டை போட்டு சிரிஞ்சால் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மோட்டார் குழாய் பின்வளையத்துக்கு வெளியே அரை அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் மோட்டார் கழன்று விழாமல் பிடிக்கும் ரிடெய்னருக்கு இடமிருக்காது. ரிடெய்னரை ஒட்ட ஜேபி வெல்ட் பசை. அது சூட்டைத் தாங்கும்.

ஆல்டிமீட்டர் அறையின் காற்றுத் துளைக்குக் கணக்கு இருக்கிறது. 100 கன அங்குலத்துக்குக் கால் அங்குலத் துளை ஒன்று. உன் அறை நான்கு அங்குல அகலம், எட்டு அங்குல நீளம். கொள்ளளவு கிட்டத்தட்ட 100 வருகிறது. அந்த ஒரு துளையை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு நூல் விட்டம், 90 டிகிரிக்கு ஒன்று. எதிரெதிராக இரண்டு மட்டும் போடாதே, பக்கக்காற்றில் அழுத்தம் தப்பாகக் காட்டும். துளை விளிம்பில் பிசிறு இருந்தாலும் அதே கதை. கீழே மோட்டார் இருக்கும் பூஸ்டர் குழாயிலும் ஒரு நூல் துளை ஒன்று வேண்டும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். துளை இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்று ராக்கெட்டை நேரத்துக்கு முன்பே பிரித்துவிடும்.

கருமருந்து 4எஃப் என்ற நுண்தூள் ரகம். 15 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு விட்டத்தின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 0.006ஆல் பெருக்கு, அளவெல்லாம் அங்குலத்தில், விடை கிராமில். தரைக்கு அருகே விரியும் பெரிய மெயின் பாராசூட் இருக்கும் 18 அங்குலப் பகுதிக்கு 1.7 கிராம் வருகிறது, உச்சியில் விரியும் சின்ன ட்ரோக் பாராசூட் பக்கம் 12 அங்குலத்துக்கு 1.15. மூக்கை 2-56 அளவு நைலான் ஸ்க்ரூ மூன்று பிடித்திருக்கட்டும். அவை இல்லையென்றால் ட்ரோக் விரியும் அதிர்ச்சியிலேயே மூக்கு கழன்று மெயினும் வெளியே வந்துவிடும். கணக்கு வெறும் ஆரம்பம்தான், தரைச்சோதனை செய்யாமல் பறக்கவிடாதே. மோட்டார் இல்லாமல், பாராசூட், தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணி, கயிறு, நைலான் ஸ்க்ரூ எல்லாம் பறக்கிற நாளில் இருக்கப்போவது போலவே வைத்து, நீள ஒயர் இழுத்து, இரண்டு முனைக்கும் நேரே யாரும் நிற்காமல் பக்கவாட்டிலிருந்து வெடி. மூக்கு ஓரங்குலம் நகர்ந்து நின்றுவிட்டால் மருந்து போதாது. கயிறு சடாரென்று முறுக்கேறி மூக்கு திரும்பி வந்து அடித்தால் அதிகம். இரண்டாவது ஆல்டிமீட்டர் வைத்திருந்தால் அது ஒரு விநாடி தாமதமாக, கொஞ்சம் கூடுதல் மருந்தோடு வெடிக்கட்டும்.

மெயின் மேலேயே விரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாயே, பேப்பரில் போட்டுப் பார். உச்சி 1200 மீட்டர், காற்று விநாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள். ட்ரோக்கில் 25 மீட்டர் வேகத்தில் 150 மீட்டர் உயரம்வரை இறங்க 42 விநாடி, பிறகு மெயினில் 6 மீட்டர் வேகத்தில் 25 விநாடி. மொத்தம் 67 விநாடி, தள்ளிப்போவது 335 மீட்டர். உச்சியிலேயே மெயின் விரிந்தால் 200 விநாடி, சுளையாக ஒரு கிலோமீட்டர். மோட்டார் எரிந்து முடிந்தபின் 4.2 கிலோ இருக்கும் ராக்கெட் 6 மீட்டர் வேகத்தில் இறங்க, சாதாரணத் தட்டை பாராசூட் என்றால் ஆறடி விட்டம் வேண்டும்.

மோட்டார் பற்றி நீ ஏற்கெனவே படித்திருப்பாய், இரண்டே விஷயம். கிளம்பும்போது 4.5 கிலோ என்றால் எடை 44 நியூட்டன். அதன் ஐந்து மடங்கு, 220 நியூட்டனாவது தொடக்கத்திலேயே கிடைக்க வேண்டும். ஜே350 என்ற மோட்டார் பெயரில் 350 சராசரிதான், தொடக்க உந்துதலை வரைபடத்தில் பார். புவியீர்ப்பு மையத்தை மோட்டார் ஏற்றிய பிறகே அள. அது காற்றின் விசை குவியும் அழுத்த மையத்துக்கு நான்கு அங்குலமாவது முன்னால் இருக்க வேண்டும். ஓபன்ராக்கெட் மென்பொருள் காட்டும் எடையை நம்பாதே, எபாக்ஸியின் எடை அதற்குத் தெரியாது.

தேடல். ராக்கெட் தரையில் விழுந்ததும் ஆன்டெனா மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், சிக்னல் சட்டென்று சுருங்கிவிடும். ஆகவே கடைசியாக வந்த இட எண்ணை (அட்சரேகை, தீர்க்கரேகை) விழும் முன்பே போனில் குறித்துவைக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். சில ரிசீவர்கள் 34 டிகிரி 30.1234 நிமிடம் என்று காட்டும். அதை 34.301234 என்று மேப்பில் தட்டினால் 22 கிலோமீட்டர் தள்ளி நிற்பாய். 30.1234ஐ 60ஆல் வகுத்துச் சேர்த்தால்தான் 34.50206 என்ற சரியான எண்.

ஜிபிஎஸ் கைவிட்டால், சிக்னல் வரும் திசையைக் காட்டும் யாகி ஆன்டெனா. ராக்கெட் படுத்துக் கிடப்பதால் யாகியையும் செங்குத்தாக ஒருமுறை, கிடையாக ஒருமுறை பிடித்துப் பார், கேட்காதது கேட்கும். பக்கத்தில் போனதும் எல்லாத் திசையிலும் ஒரே சத்தமாக இருக்கும். அப்போது ஆன்டெனாவைக் கழற்று, ரிசீவரின் அலைவரிசையை 5 கிலோஹெர்ட்ஸ் விலக்கி வை, ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்று. எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் செத்துப்போகிறதோ, ராக்கெட் உன் முதுகுக்குப் பின்னால். சோளக்காட்டில் வரிசைக்குக் குறுக்கே நடக்காதே, வரிசையோடு போய்த் திரும்பு. பயிரை மிதித்தால் அடுத்த தடவை விவசாயி வரப்புக்கே விடமாட்டார். கையில் எடுக்கும் முன் வெடிக்காத மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, ஆல்டிமீட்டர் சுவிட்சை அணை. முகத்தைக் குழாய் வாய்க்கு நேரே கொண்டுபோகாதே.

இங்கே மதியம் பன்னிரண்டு தாண்டினால் காற்று எழும்பிவிடுகிறது, காலையிலேயே முடித்துக்கொள்கிறோம். மூக்கின் உள்விட்டத்தை அளந்து எழுது. ஸ்லெட் பலகைக்கு அளவு போட்டு அனுப்புகிறேன். அதுவரை பின்வளையத்தில் கை வைக்காதே.

அன்புடன்,
ராஜு