விமானம் ஏன் லேட்? நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் கழிந்த இந்த இரண்டு வாரத்தில் மும்பை மாட்டுங்காவில் இருக்கும் நம் கடைக்கு வந்த போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "எண்ணூறு ரூபாய் கம்மியா வேற டிக்கெட் இருக்கும்போது ஏன் சார் இதை எடுக்கச் சொல்றீங்க, கமிஷனா?" கமிஷன் இல்லை, லேட் ஆகாத விமானமா என்று பார்த்துத்தான் சொல்கிறோம். ஆளுக்கு ஆள் போனில் விளக்கி முடியவில்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறோம்.

செம்பூரில் இருக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவரின் பெற்றோருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மாலை 6:10க்குச் சென்னை விமானம், இறங்கியதும் எழும்பூரில் இரவு வண்டியைப் பிடித்து மயிலாடுதுறை, இதுதான் திட்டம். விலை குறைவாக இருக்கட்டும் என்று அவர் சொன்னார், நாங்களும் சரி என்று போட்டுக் கொடுத்தோம், தப்பு எங்கள் பேரிலும் உண்டு. விமானம் கிளம்பியது 9:20க்கு. ரயில் போய்விட்டது. மீனம்பாக்கத்திலேயே டாக்ஸி பிடித்து இரவெல்லாம் ஓடி, வேட்டியைக் காருக்குள்ளேயே மாற்றிக்கொண்டு, விடியற்காலையில் கோயில் வாசலில் போய் இறங்கியிருக்கிறார். முகூர்த்தம் தப்பவில்லை. டாக்ஸிக் காசு விமான டிக்கெட்டைத் தாண்டிவிட்டது.

மறுநாள் அந்த விமானம் காலையிலிருந்து எங்கெங்கே சுற்றியது என்று தேடிப் பார்த்தோம். (போன் செயலியிலேயே பார்க்கலாம், விடி என்று ஆரம்பிக்கும் எழுத்துகள்தான் அதன் நம்பர் பிளேட்.) லக்னோவில் மூடுபனி என்று காலையில் டெல்லியிலேயே 50 நிமிடம் நிறுத்தியிருக்கிறார்கள். லக்னோ போய் மும்பை வந்து சேர்ந்தபோது தாமதம் ஒன்றே கால் மணி. அப்புறம் கோவா போய்த் திரும்பி வந்தபோது தாமதம் இரண்டரை மணி நேரம். அதே விமானம்தான் ஐந்தாவது ஓட்டமாகச் சென்னைக்கு. மும்பையில் பளிச்சென்று வெயில், சென்னையிலும் மேகம் இல்லை, லக்னோ பனிக்கு நம் ஆள் டாக்ஸிக் காசு கொடுத்தார்.

பனி எல்லோருக்கும் பொதுதானே, சில கம்பெனி மட்டும் ஏன் சீக்கிரம் சுதாரித்துக்கொள்கிறது என்று கேட்பீர்கள். சுமார் 180 பேர் இறங்கி, குப்பை கூட்டி, எண்ணெய் நிரப்பி, பெட்டி மாற்றி, மறுபடி 180 பேர் ஏற அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள் (முறுக்கு டின்னை மேலே வைக்க இடம் தேடி நம்மவர் ஒருவர் வழியில் நின்றாலே அதில் மூன்று நிமிடம் காலி). நாள் முழுக்க இப்படி இடைவெளியே இல்லாமல் ஓட்டினால் டிக்கெட் விலை குறையும், ஆனால் காலையில் விட்ட நேரத்தைப் பிடிக்க ராத்திரி வரை வழி இருக்காது. நடுப்பகலில் ஒரு மணி நேரம் சும்மா நிறுத்தி வைக்கிற கம்பெனி, அல்லது மும்பையில் ஒரு உபரி விமானமும் வீட்டில் தயாராக இருக்கும் விமானிகளும் வைத்திருக்கும் கம்பெனி தப்பித்துக்கொள்ளும். விமானம் குறைவாக உள்ள கம்பெனியில் ஒன்று பழுதானால் அன்றைக்கு அதன் ஐந்தாறு ஓட்டமும் படுக்கும். இதில் பிராட் அண்ட் விட்னி என்ற கம்பெனி செய்யும் விமான எஞ்சின்களில் கோளாறு வேறு. 2023இலிருந்து நம் நாட்டில் எத்தனையோ விமானங்கள் எஞ்சினுக்காகக் காத்துத் தரையிலேயே நின்றன.

ஆள் கையிருப்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2025 டிசம்பரில் எல்லோரும் பார்த்தோம். விமானிகளுக்கு வாரத்தில் 48 மணி நேர ஓய்வு, ராத்திரி இறங்குவதற்குக் கட்டுப்பாடு என்ற புது விதி எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். ஆனால் நாட்டிலேயே பெரிய கம்பெனிதான் ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அந்த வாரம் இந்தக் கடையில் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

இதில் நம்ம மும்பை சாந்தாகுரூஸ் விமான நிலையத்தின் தொல்லை வேறு. இரண்டு ஓடுபாதை உண்டு, ஆனால் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுகின்றன, அதனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஓட்ட முடியும். தன் முறையைத் தவறவிட்ட விமானம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். லக்னோவின் 50 நிமிடம் இங்கே வந்து குட்டி போட்டது இப்படித்தான்.

எந்தக் கம்பெனி எவ்வளவு நேரம் தவறாமல் ஓடுகிறது என்று, விமானங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ மாதாமாதம் வெளியிடும் பட்டியலைக் காட்டி, "இவங்கதானே முதல் இடம்" என்று சிலர் கேட்கிறீர்கள். பாருங்கள், தப்பில்லை. ஆனால் குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் என்றால் அங்கே அது சரியான நேரம். அதோடு அது பெரிய ஊர்களை வைத்துப் போடும் கணக்கு, தூத்துக்குடிக்குப் போகிறவருக்கு அதை வைத்து என்ன சொல்வது? மும்பை–சென்னை பறப்பதற்கு இரண்டு மணி நேரம்கூடத் தேவையில்லை, டிக்கெட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போட்டுவிட்டு "சீக்கிரமே வந்துவிட்டோம்" என்று மைக்கில் பெருமைப்படுவதும் நடக்கிறது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், இந்த மாதிரி மூன்று மணி நேரத் தாமதத்துக்குச் சாப்பிட ஏதாவது கேட்கலாம், அவ்வளவுதான். தாமதம் ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால்தான் வேறு விமானமோ முழுப் பணமோ. தவறவிட்ட ரயிலுக்கு விமானக் கம்பெனி பொறுப்பில்லை.

அதனால் இனிமேல் நாங்கள் விலை எழுதித் தரும் சீட்டில், வழக்கமாக அந்த விமானத்துக்கு அன்றைய எத்தனையாவது ஓட்டம் அது என்பதையும் பேனாவால் குறித்துத் தருகிறோம். ராத்திரி மும்பையிலேயே தங்கிக் காலையில் முதலில் கிளம்புவதைத்தான் கல்யாணம், விசா நேர்காணல், ஆஸ்பத்திரி என்று போகிறவர்களுக்குச் சொல்வோம். சும்மா ஊருக்குப் போகிறீர்களா, ஐந்தாவது ஓட்டத்தையே எடுங்கள், எண்ணூறு ரூபாய் மிச்சம். பின்னால் ரயில் இருந்தால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடாமல் டிக்கெட் போட மாட்டோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பங்குனி உத்திரத்துக்குக் காலை 6 மணி விமானம் கேட்டிருந்தவர்கள் இந்த வாரத்துக்குள் வந்து பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். மதியம் 1 முதல் 3 வரை கடை அடைத்திருக்கும்.

மாட்டுங்கா டிக்கெட் கடையிலிருந்து,
உங்கள் டிராவல்ஸ்காரர்கள்