நம்ம கோச்சு சயாவுக்கும், அவரை அவரு போக்குல விட்ட எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கோயில் ஃபுட்பால் டீமோட சீசன் முடிஞ்சிருச்சு. கப்பு எல்லாம் அடிக்கலங்க, அதை முதல்லயே சொல்லிடுறேன், கடைசில இருந்து மூணாவது இடம்தான், ஆனா கீழ் டிவிஷனுக்கு இறங்கல, போன வருஷம் இந்நேரம் டீமை கலைச்சிடலாமான்னு கோயில் மண்டபத்துல உக்காந்து பேசிட்டு இருந்தோம்ல, அதை நினைச்சுப் பாத்தா இந்த மூணாவது இடமே எனக்கு பெருசு. ரங்கூன்ல எந்தப் பக்கம் போனாலும் "என்னண்ணே, புது கோச்சு வந்து டீமையே மாத்திட்டாராமே"ன்னு கேக்குறாங்க. வாஸ்தவம்தான். ஆனா ஒரு ஆளு வந்து மாத்தணும்னா மத்தவங்க மாற விடணும்ல, அந்த விட்டுக் குடுத்தவங்க பேரு எங்கயும் வரல, மேனேஜருங்குற பேருல பை தூக்கிட்டு பின்னாடியே திரிஞ்சவன் நான், எனக்குத் தெரியும் யாரு என்ன பண்ணாங்கன்னு, அதனாலதான் இந்த மடல்.

முன்னாடி நிலைமை என்னன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்றேன். அஞ்சு மணிக்கு பிராக்டிஸ்னா ஆறுக்கு வருவாங்க, வர்றவன் வாயில வெத்தல, கையில போன். கோல் வாங்கினா போதும், பத்து பேரும் திரும்பி கீப்பரைப் பாத்து கத்துவாங்க, அவன் பதினேழு வயசுப் பையன், முகம் செத்துப் போயி நிப்பான். லைனுக்கு வெளிய நிக்கிறவங்க எங்க மேட்சு மேலயே பெட்டு கட்டுவாங்க, அதுலயும் நம்ம டீம் தோக்கும்னு நம்மாளுங்களே கட்டுனதுதான் பெரிய கேவலம். தோத்துட்டு வந்தா ரெஃப்ரி சரியில்ல, கிரவுண்டு சரியில்ல, மழை சரியில்ல. முன்னாடி இருந்த கோச்சுங்க யாரும் மோசமானவங்க இல்ல, பாவம், கத்திப் பாத்தாங்க, கெஞ்சிப் பாத்தாங்க, போயிட்டாங்க.

அப்புறம்தான் நம்ம சயா வந்தாரு, சயான்னா பர்மா பாஷையில வாத்தியாரு. மோல்மீன் பக்கத்து ஆளு, அப்பா வழி தமிழ், அம்மா கரேன் இனம். சின்ன வயசுல நல்லா ஆடிட்டு இருந்தவரு, முட்டி போயிருச்சு, இப்ப பகல்ல ஒரு இரும்புச் சாமான் கடையில கணக்கு எழுதுறாரு. என்னை விட வயசுல ரொம்ப சின்னவரு, ஆனா நானும் சயான்னுதான் கூப்பிடுறேன், வாய் தானா அப்படித்தான் வருது. முதல் நாள் பந்தையே தொடலைங்க. ஒரு பழைய நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தனையா உக்கார வச்சு வீடு எங்க, என்ன வேலை, எத்தனை மணிக்கு எந்திரிக்கிற, எந்த பஸ்ஸுல வர்ற, காலையில என்ன சாப்பிட்டன்னு கேட்டு எழுதுறாரு. எனக்கு கடுப்பு, இது என்ன ஜனத்தொகை கணக்கெடுப்பான்னு நினைச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா பிராக்டிஸ் நேரத்தையே மாத்திட்டாரு, ஏன்னா பாதிப் பேரு லேட்டா வர்றது திமிருல இல்ல, அக்கரையில இருக்குற தலாங்குற ஊர்ல இருந்து படகு புடிச்சு ஆத்தைத் தாண்டி வர்றவன் அஞ்சு மணிக்கு எப்படி வருவான். அஞ்சரைன்னு வச்சாரு. அதுக்கப்புறம் அஞ்சு முப்பத்தொண்ணுக்கு வந்தவன் அன்னைக்கு வெளியதான், ஆடவே விட மாட்டாரு, நிக்கணும், பாக்கணும், முடிஞ்சதும் வலையைக் கழட்டணும்.

வலை, கோன், தண்ணிக் கேன் இதெல்லாம் அதுவரைக்கும் சின்னப் பசங்கதான் தூக்குவாங்க, சீனியருங்க முன்னாடி கையை வீசிட்டுப் போவாங்க. சயா அதைத் தலைகீழா மாத்தினாரு, அதிகமா மேட்சு ஆடுனவன் எவனோ அவன்தான் தண்ணி தூக்கணும். இங்கதான் நம்ம பழைய கேப்டன் தம்பிக்கு நான் கையெடுத்துக் கும்புடுறேன். அந்தத் தம்பி முதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுதான் இருந்துச்சு, ரெண்டு வாரம் எங்கிட்ட கூட பேசல. அப்புறம் ஒரு நாள் நான் போறதுக்கு முன்னாடியே போயி கேனை ரொப்பி வச்சிருந்துச்சு. யாரும் எதுவும் சொல்லல. அதுக்கப்புறம் சயா கேப்டன் பட்டையை வேற பையனுக்கு மாத்தி, இந்தத் தம்பியை பெஞ்சுல உக்கார வச்சப்போ கூட தம்பி வாயைத் திறக்கல. எங்க பசங்கள்ல பாதிப் பேரு ஆர்சனல் பைத்தியம், 2021 டிசம்பர்ல அந்த டீம் கோச்சு ஆர்டேட்டா அவபமயாங்கிட்ட இருந்து கேப்டன் பதவியைப் புடுங்குனப்ப "சரியாத்தான் பண்ணாரு"ன்னு டீக்கடையில கைதட்டுனவனுங்கதான், அதே நம்ம டீம்ல நடக்கும்போது "சயா ஓவரா பண்றாரு"ன்னு பேசுனாங்க. அடுத்தவன் டீமுக்கு ஒழுக்கம் சொல்றது ஈஸிங்க. இத்தனைக்கும் நம்ம தம்பி எந்த தப்பும் பண்ணல, வயசு ஆயிருச்சு, கால் ஓடல, அவ்ளோதான். பெஞ்சுல இருந்தே அந்த கீப்பர் பையனுக்கு அது சொல்லிக் குடுத்த மாதிரி யாரும் சொல்லிக் குடுக்கல. தம்பி, இந்த சீசன்ல நீ ஆடுனது கொஞ்ச நேரம்தான், ஆனா நாங்க இறங்காம இருக்குறதுக்கு நீயும் ஒரு காரணம், இதை உன் வீட்டுல படிச்சுக் காட்டு.

இன்னொரு விஷயம், இதுக்கு நம்ம பெரியவங்கள்ல சில பேரு இன்னும் கோவமா இருக்காங்க. கிரவுண்டுக்குள்ள எல்லாரும் பர்மா பாஷையிலதான் பேசணும்னு சயா சொல்லிட்டாரு. "நம்ம கோயில் டீம்ல நம்ம பாஷை பேசக் கூடாதா"ன்னு எங்கிட்ட சண்டைக்கே வந்தாங்க. ஐயா, நான் உள்ள இருந்து பாத்தவன். டீம்ல தமிழ்ப் பசங்க பாதி, மீதி பர்மாப் பசங்க, கரேன் பசங்க, முஸ்லிம் பையன் ரெண்டு பேரு. ஹாஃப் டைம்ல நம்மாளுங்க நாலு பேரு ஒரு மூலையில தமிழ்ல குசுகுசுன்னு பேசி சிரிச்சா அந்த லெஃப்ட் பேக் கரேன் பையன் தன்னைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சு அடுத்த ஹாஃப் பூரா பந்தே குடுக்க மாட்டான். இது வருஷக்கணக்கா நடந்துச்சு, யாரும் கவனிக்கல. இப்ப அந்தப் பையன் நம்ம வீட்டுக் கல்யாணத்துல வந்து பந்தி பரிமாறுறான். தமிழ் எங்கயும் போயிடலை, சாயங்கால வகுப்புல வாத்தியார் சொல்லிக் குடுத்துட்டுதான் இருக்காரு, நான் கூட பாருங்க எழுதிட்டுதான் இருக்கேன்.

இவ்ளோ பண்ணியும் முதல் மேட்சுங்க எல்லாம் தோல்விதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஒவ்வொரு தோல்விக்கும் அப்புறம் சயா பசங்களைக் கூட்டிட்டுப் போயி வெளிய நிக்கிற நாலஞ்சு பேரு முன்னாடி கையைக் கோத்து நிக்க வச்சு நன்றி சொல்ல வைப்பாரு. எனக்கே வெக்கமா இருந்துச்சு, தோத்துட்டு எதுக்குயா கும்புடு. அவரு சொன்னாரு, 2015 டிசம்பர்ல லிவர்பூல் சொந்த ஊர்ல வெஸ்ட் பிராம் கூட கடைசி நேரத்துல கோல் போட்டு 2-2ன்னு டிரா பண்ணிட்டு, அவங்க கோச்சு க்ளாப் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, எல்லாரையும் கையைக் கோத்து ஜனங்க முன்னாடி நிக்க வச்சாரு, ஒரு டிராவுக்கு இவ்ளோ சீனான்னு ஊரே சிரிச்சுது, நாலு வருஷத்துல 2019ல சாம்பியன்ஸ் லீக், 2020ல பிரீமியர் லீக்குன்னு ரெண்டையும் அடிச்சாங்கன்னு. நான் மேன்செஸ்டர் டீம் ரசிகன், எனக்கு அந்த உதாரணம் கசந்துச்சு, இருந்தாலும் ஒத்துக்கிட்டேன்.

பேசிப் பேசியே ஜெயிக்க முடியாதுன்னும் அவருக்குத் தெரியும். நம்ம மழைக்காலம் தெரியும்ல, மே கடைசில புடிச்சா அக்டோபர் வரைக்கும் விடாது, எங்க கிரவுண்டு கீழப் பக்கம் பூரா குளம். முன்னாடி நாம என்ன பண்ணுவோம், டிவியில பாத்துட்டு பின்னாடி இருந்து குட்டி குட்டி பாஸா போட்டு வருவோம், பந்து தண்ணியில நின்னுரும், எதிராளி வந்து சும்மா தட்டிவிட்டுட்டுப் போவான். சயா மேட்சுக்கு முன்னாடி ஷூ இல்லாம கிரவுண்டு பூரா நடப்பாரு, எங்க பந்து ஓடும் எங்க நிக்கும்னு காலாலயே பாத்துட்டு வந்து மண்ணுல குச்சியால கோடு போட்டுக் காட்டுவாரு. நம்ம பாக்ஸ் முன்னாடி குறுக்க பாஸ் கிடையாது, காய்ஞ்ச பக்கத்துக்கு தூக்கி அடி, ஈரப் பந்தை கீப்பர் புடிக்கப் பாக்காம குத்தி விடணும், குத்துனா நடுவுல இல்ல, ஓரத்துக்கு. த்ரோ, கார்னர், ஃப்ரீ கிக் இதுக்கு மட்டும் வாரத்துல ஒரு நாள் முழுசா. பாதி கோலு அதுலதான் வந்துச்சு. அழகான ஆட்டம்னு சொல்ல மாட்டேன், எங்க மச்சான் பாத்துட்டு "என்னய்யா பந்தை அடிச்சு அடிச்சு தொலைக்கிறீங்க"ன்னாரு.

ஆனா ஒண்ணைச் சொல்லியே ஆகணும். ஆகஸ்ட்ல ஒரு மேட்சு, பேய் மழை, நம்ம கீப்பர் பையன் கைல இருந்து பந்து வழுக்கி உள்ள போயிருச்சு. பழைய டீமா இருந்தா அங்கயே முடிஞ்சுது. அந்தப் பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு கத்தலுக்காக நிக்கிறான், பழக்க தோஷம். புது கேப்டன், அதான் நம்ம முஸ்லிம் பையன், சென்டர் பேக்கு, நேரா வலைக்குள்ள போயி பந்தை எடுத்தான், தன் ஜெர்சியைத் தூக்கி உள்பக்கமா அந்தப் பையனோட கிளவுஸைத் தொடச்சு விட்டான், ரெண்டு கையையும், நிதானமா, விரல் விரலா. ரெஃப்ரி விசில் ஊதுறாரு, இவன் கண்டுக்கவே இல்ல. ஜெர்சியே சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, அதுல தொடச்சு என்ன காயப் போகுது? ஆனா பையன் நிமிந்துட்டான். அந்த மேட்சு 1-1. பெஞ்சைத் திரும்பிப் பாத்தேன், சயா நோட்டுல ஏதோ எழுதிட்டு இருந்தாரு, பழைய கேப்டன் தம்பி எந்திரிச்சு நின்னு கத்திட்டு இருந்துச்சு.

மத்தவங்களுக்கும் சொல்லிடுறேன். டீக்கடை அண்ணே, உங்க கடையில பெட்டு எழுதுறவனை உக்கார விட மாட்டேன்னு நீங்க சொன்னதுல உங்களுக்கு வியாபாரம் எவ்ளோ அடிபட்டுச்சுன்னு எனக்குத் தெரியும், நோட்டீஸ் ஒட்டாம சண்டை போடாம டீ குடுக்காமலே துரத்திட்டீங்க. தையக்கார அக்கா, பழைய லுங்கியைக் கிழிச்சு பிராக்டிஸ் சட்டை தைச்சுக் குடுத்தீங்க, பூ போட்ட லுங்கியில தைச்சதைப் போட்டுக்க மாட்டேன்னு அடம் புடிச்சானுங்க, இப்ப அதுக்குத்தான் போட்டி. கிரவுண்டு வாட்ச்மேன் ஐயா, கரண்டு போன நாள்ல உங்க மோட்டார் சைக்கிள் லைட்டைப் போட்டுக் குடுத்தீங்களே. மலேசியாவுல இருந்தும் தாய்லாந்துல இருந்தும் பணம் அனுப்புன நம்ம பழைய பசங்களுக்கு, நீங்க எல்லாம் இங்க இருந்து ஆடியிருக்க வேண்டியவங்க, என்னத்தச் சொல்ல, நல்லா இருங்க. பூசாரி ஐயாவுக்கு தனியா ஒரு நன்றி, தீமிதியில இறங்குன நம்ம ரைட் விங் பையன் காலு கொப்புளிச்சுப் போயிருந்தப்ப "அம்மனுக்கு ஆடுனவன் டீமுக்கு ஆட மாட்டானா"ன்னு கேட்ட வாய்களை நீங்கதான் அடக்குனீங்க, காலு ஆறுற வரைக்கும் ஷூவே போடக் கூடாதுன்னு சயா சொன்னதும் நீங்களும் அதையே சொன்னீங்க.

நம்ம தாத்தாமாருங்க கூடுனா 1966லயும் 1970லயும் ஆசிய விளையாட்டுல பர்மா ஃபுட்பால் டீம் தங்கம் அடிச்சதையும் அப்ப ஆடுன சுக் பகதூரையும்தான் பேசுவாங்க, 1972ல மியூனிக் ஒலிம்பிக் போனதை நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க. நமக்குத் தெரிஞ்சது 2015ல அண்டர் 20 பசங்க நியூசிலாந்துக்கு வேர்ல்டு கப் ஆடப் போனதுதான், ஜெர்மன்காரரு கெர்ட் சைஸ கோச்சா இருந்தாரு, அங்க எல்லா மேட்சும் தோத்தாங்க, ஆனா போனாங்கல்ல. ஒரு தாத்தா இந்தக் கதையெல்லாம் சொல்லி "அந்தக் காலம் வராது"ன்னு சயாகிட்ட சொன்னாரு. சயா, "வர வேணாம் தாத்தா, நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க"ன்னாரு. தாத்தா வந்தாரு, குடையோட, அப்புறம் எல்லா ஞாயிறும் வந்தாரு.

சயா, உங்களுக்குத் தனியா என்ன எழுதுறதுன்னு தெரியல. கடையில சீக்கிரம் லீவு கேட்டுக் கேட்டு முதலாளிகிட்ட நீங்க வாங்குன பேச்சு, வீட்டுல அண்ணி தனியா புள்ளைங்களைப் பாத்துக்கிட்டது, நாங்க குடுத்த பஸ் காசைக் கூட நீங்க கீப்பர் கிளவுஸுக்குப் போட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். அண்ணி, உங்களுக்கும் கோடி நன்றி. அடுத்த சீசனுக்கும் இருக்கேன்னு சொல்லியிருக்கீங்க, சம்பளம்னு ஏதாவது ஒண்ணு குடுக்க இந்த தடவை கமிட்டியில நான் சண்டை போடுறேன், இது வாக்கு.

திஞ்சான், அதான் பர்மா புத்தாண்டு, லீவு முடிஞ்ச முதல் சனிக்கிழமை பிராக்டிஸ் ஆரம்பம், அஞ்சரை, புதுசா சேரணும்னு நினைக்கிற பசங்க எந்த ஏரியா, எந்த ஜாதி, எந்த பாஷையா இருந்தாலும் வரலாம், ஷின் கார்டு மட்டும் கொண்டு வாங்க. அப்புறம், கடைசி மேட்சு அன்னைக்கு கிரவுண்டுல இருந்து ரெண்டு பந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போன மகராசன் யாருன்னு எனக்குத் தெரியும், மரியாதையா டீக்கடையில குடுத்துருங்க.