கோடை விடுமுறையில் நடுநிலை வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளி நூல்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்:
மன்னார்குடி, நீடாமங்கலம், கோட்டூர் ஒன்றியங்களைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற நூலகர்கள், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவாரூர்.

பொருள்: 6, 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் கோடை விடுமுறையில் வாசிப்பைத் தொடரப் பள்ளி நூல்களை இரவல் வழங்குதல் – நூல் இழப்புக்கு வரம்பு வகுத்தல் – ஊராட்சி நூலகக் கட்டடங்களைத் திறந்துவிடுதல் – ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வணக்கம். ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் ஏப்ரல் கடைசியில் பள்ளியை விட்டுப் போனால் ஜூனில்தான் திரும்புகிறார்கள். வெயில் கூடினால் அதுவும் தள்ளிப்போகிறது. 2023இல் ஜூன் 12, 2024இல் ஜூன் 10 அன்றுதான் பள்ளிகள் திறந்தன. இந்த ஐந்தாறு வாரமும் பள்ளியின் கதைப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. புதிய நூல்கள் வாங்கித் தரக் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. இருக்கும் நூல்கள் விடுமுறையில் பிள்ளைகளின் வீட்டுக்குப் போக வேண்டும். போனவற்றில் சில திரும்பாவிட்டால் அதற்காக எந்த ஆசிரியரும் பணம் கட்ட வேண்டியதில்லை என்று எழுத்தில் ஓர் ஆணை வேண்டும். இந்த இரண்டாவது இல்லாமல் முதலாவது நடக்காது.

பீரோ பூட்டியிருப்பதற்கு அலட்சியம் காரணமில்லை. நடுநிலைப் பள்ளியில் நூல்களைப் பார்த்துக்கொள்வது ஏதோ ஓர் ஆசிரியரின் கூடுதல் பொறுப்பு. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்து அவருடையது. பதிவேட்டுக்கும் பீரோவுக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் தணிக்கைக் குறிப்பு, விளக்கம், பிடித்தம் என்று நீளும். மாறுதலில் போகும்போது அடுத்தவரிடம் எண்ணி ஒப்படைத்தாக வேண்டும். 35 ரூபாய்ப் புத்தகத்துக்காக இவ்வளவையும் யார் தலையில் ஏற்றிக்கொள்வார்? ஆகவே வாசிப்பு வேளையில் நூல்கள் வெளியே வருகின்றன, மணி அடித்ததும் உள்ளே போய்விடுகின்றன. "பிள்ளைகளுக்கு நூல் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லும் சுற்றறிக்கையால் இந்த அச்சம் தீராது.

இழப்பை ஏற்றுக்கொள்ளும் முன்மாதிரி அரசு விதிகளிலேயே உள்ளது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆம் விதி, ஓராண்டில் வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை உண்டு. பெரியவர்கள் புழங்கும் நூலகத்துக்கு ஆயிரத்துக்கு ஐந்து சரியான கணக்காக இருக்கலாம். கூரை வீட்டுக்கு, கோடை மழைக்கு, கையில் கிடைத்ததைக் கிழிக்கும் தம்பி தங்கைக்கு நடுவே போய்வரும் நூல்களுக்கு அது போதாது. நூற்றுக்குப் பத்து வரை தொலைவதையும் சேதமடைவதையும் இயல்பான இழப்பாக ஏற்று, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் பேரில் பதிவேட்டிலிருந்து நீக்கிக்கொள்ள அனுமதி கேட்கிறோம். 50 ரூபாய் விலையில் 150 நூல்கள் வெளியே போய் 15 திரும்பாவிட்டால் இழப்பு 750 ரூபாய். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நூலக மானியம் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை உள்ளதால், ஈடுகட்ட வேறு நிதி தேட வேண்டியதில்லை.

நடுநிலை வகுப்புகளை மட்டும் குறிப்பிட்டுக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆறாம் வகுப்பில் அறிவியலும் வரலாறும் நீண்ட பத்திகளாக வரத் தொடங்குகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை பத்தியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. தொடக்க வகுப்பில் எழுத்துப் பழக வேண்டிய நேரத்தை அப்படி இழந்த பிள்ளைகள்தாம் அண்மை ஆண்டுகளில் இந்த வகுப்புகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். சரளம் என்பது புழக்கத்தால் வருவது. ஆறு வாரம் விட்டால் முதலில் போவது அதுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஏழைப் பகுதிப் பள்ளிகளின் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு, மூன்று கோடைகள் தொடர்ந்து ஆளுக்கு 12 நூல்கள், அவர்களே தேர்ந்தெடுத்தவை, கொடுக்கப்பட்டன. 2010இல் வெளியான அந்த ஆய்வில், நூல் பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிட வாசிப்பில் முன்னே நின்றார்கள். அங்கே நூல்களைத் திருப்பி வாங்கவே இல்லை. நாங்கள் அந்த அளவுக்குக் கேட்கவில்லை.

இனி, நடத்தும் முறை. பிள்ளைக்கு ஒரு தவணைக்கு 2 நூல்கள், பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றம். விடுமுறைக்குள் நான்கு தவணை அமையும். முழுதாகக் கலந்துகொள்ளும் பிள்ளை 8 நூல்களைப் பார்த்துவிடும். கையிருப்பு, பிள்ளைகளின் எண்ணிக்கையைப்போல் இரண்டரை மடங்கு வேண்டும்: 60 பேருக்கு 150 நூல்கள். சரியாக 120 வைத்தால் கடைசியில் வரும் பிள்ளைக்கு மற்றவர் ஒதுக்கியதுதான் மிஞ்சும், அந்தப் பிள்ளை அடுத்த தவணைக்கு வராது.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் இருக்கின்றன. நல்ல பகுப்பு. ஆனால் வழங்கும் இடத்தில் நிலைவாரியாக நான்கு கட்டு போட்டு வைத்தால் காரியம் கெடும். ஏழாம் வகுப்புப் பையன், நண்பர்கள் பார்க்க 'நுழை' கட்டைத் தொடமாட்டான். பெரிய புத்தகத்தை எடுத்துப் போய்த் திறக்காமலே திருப்பித் தருவான். எல்லா நிலையையும் கலந்து, அட்டைப்படம் தெரியும்படி பாயில் பரப்ப வேண்டும். எது தன் அளவுக்கு உகந்தது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ள எளிய வழி உண்டு: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து மெல்லப் படிப்பது, தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்குவது. பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் வேறு நூல். இதைப் பிள்ளைகள் தமக்குள் செய்துகொள்ளட்டும். பெரியவர் பக்கத்தில் நின்று எண்ணினால் அது தேர்வாகிவிடும்.

கதை மட்டும் போதாது. பாம்பு, மோட்டார், கிரிக்கெட், விண்வெளி, புதிர், படக்கதை என்று 150இல் 50ஆவது கதையல்லாததாகவோ படம் மிகுந்ததாகவோ இருக்க வேண்டும். நீதிக்கதைத் தொகுப்புகளைப் பெரியவர்கள் விரும்பி அடுக்குகிறார்கள், பிள்ளைகள் எடுப்பதில்லை.

ஊருக்குப் போகும் பிள்ளைகள் தனிக் கணக்கு. ஆத்தா வீடு, அத்தை வீடு என்று மே மாதம் முழுதும் போய்விடுபவர்களுக்குத் தவணை ஒத்துவராது. அவர்களுக்கு 4 நூல்களை மொத்தமாகக் கொடுத்துப் பள்ளி திறந்ததும் வாங்கிக்கொள்ளலாம். 6 முதல் 9 வகுப்புகளுக்காக வெளிவந்த 'தேன்சிட்டு' இதழின் பழைய படிகள் பள்ளிகளில் கட்டாகக் கிடக்கும். அவற்றைத் திருப்பிக் கேட்காமல் கொடுத்துவிடலாம், ஊருக்குப் போகும் பைக்குள் வைக்க அதைவிடத் தோதானது இல்லை. இந்த மாவட்டத்தில் கோடை, பருத்தி எடுக்கும் காலமும்கூட. பெற்றோருடன் காலையில் வயலுக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பது உச்சிவெயில் நேரம்தான். அந்நேரம் கையில் இருக்க வேண்டிய நூல் முந்தின நாள் மாலையே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

எனவே வழங்கும் நேரம் மாலை 5 முதல் 6.30 வரை, வாரம் மூன்று நாள். இடம் பள்ளியாக இருந்தாக வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே பள்ளி இருந்தால் பெண்பிள்ளைகளை மாலையில் அனுப்பத் தயங்குவார்கள். ஆறாம் வகுப்பில் வந்தவர்கள் எட்டாம் வகுப்பில் வராமல் போவது இதனால்தான். தெருவுக்குள்ளேயே இடம் வேண்டும். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006-07 முதல் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டப்பட்டது. அவற்றுள் பல ஊரின் நடுவிலேயே இருக்கின்றன, பல பூட்டியும் இருக்கின்றன. பள்ளிப் பீரோவின் சாவி கல்வித் துறையிடம், ஊராட்சிக் கட்டடத்தின் சாவி ஊரக வளர்ச்சித் துறையிடம், கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் பொது நூலகத் துறையிடம். மாவட்டத்தில் இந்த மூன்றையும் ஒரு மேசைக்குக் கொண்டுவரத் தங்களால்தான் முடியும். கல்வி அலுவலரை விட்டுத் தங்களிடம் வந்திருப்பது அதற்காகவே.

பொறுப்புக்கு ஓர் ஆள் போதும். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் இருக்கும் குடியிருப்பில் அவரையே அமர்த்தலாம். விடுமுறை மாதத்துக்கும் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தடையின்றிக் கிடைக்க வேண்டும். பதிவுக்கு 80 பக்க நோட்டு ஒன்று, பிள்ளைக்கு ஒரு பக்கம். நூல் எண், எடுத்த நாள், திரும்பிய நாள், மூன்றே பத்தி. நூலின் விலை, ஆசிரியர் பெயர், பெற்றோர் கையெழுத்து என்று பத்திகளைக் கூட்டினால் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் ஆகும். வரிசை நீளும், பின்னால் நிற்பவர்கள் விளையாடப் போய்விடுவார்கள்.

படித்ததற்குச் சான்று கேட்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். 'நூல் மதிப்புரை எழுதி வா' என்றால் பின்னட்டையைப் பார்த்து எழுதி வருவார்கள். 'அதிக நூல் படித்தவருக்குப் பரிசு' என்றால் மெலிந்த நூலாகப் பார்த்து எடுப்பார்கள், அல்லது எடுத்ததை மறுநாளே திருப்பித் தருவார்கள். திருப்பித் தரும்போது "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்று தன்னார்வலர் ஒரு கேள்வி கேட்டால் போதும். படித்த பிள்ளை ஒரு பெயர் சொல்லும், பெரும்பாலும் அந்தப் பெயருக்குரிய பிள்ளை பக்கத்திலேயே நிற்கும். பாதியில் மூடிய நூலையும் எந்தக் கேள்வியுமில்லாமல் மாற்றித் தர வேண்டும்.

நூல்களைக் காப்பது பற்றிச் சில. பின் அடித்த மெல்லிய நூல்களில், டெல்டாவின் ஈரத்தில் கம்பி துருப்பிடித்து நடுத்தாள் கழன்றுவிடும். கொடுப்பதற்கு முன்பே கம்பியை எடுத்துவிட்டு மடிப்பில் மூன்று துளையிட்டு நூலால் தைத்துவிட வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் 150 நூல்களும் ஒரு நாளில் முடியும். செல்லோடேப் ஒட்டினால் ஒரு வெயிலில் மஞ்சளாகி, பசை வழிந்து, பக்கங்களை ஒட்டிவிடும். காக்கி அட்டை போட்டால் அட்டைப்படம் மறைந்து யாரும் எடுக்கமாட்டார்கள், கண்ணாடித்தாள் அட்டை நல்லது. பெட்டியைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்காமல் செங்கல் மேல் வைத்துக் கரையானைத் தவிர்க்கலாம். உள்ளே நாலு துண்டு வசம்பு போடலாம். பிள்ளைக்கு ஒரு மஞ்சப்பை கொடுத்தால் மழையில் ஓரளவாவது தப்பும். வீட்டில் நூலுக்கென்று ஓர் ஆணியும் கிடைத்துவிடும்.

எட்டாம் வகுப்பு முடிப்பவர்கள் விஷயத்தில் தலைமை ஆசிரியர்களுக்குத் தயக்கம் இருக்கிறது, மாற்றுச் சான்றிதழோடு நூலும் போய்விடுமே என்று. நூல் வந்தால்தான் சான்றிதழ் என்ற வழக்கம் எங்கும் முளைக்கக் கூடாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 5ஆம் பிரிவு, எட்டாம் வகுப்புக்குள் பள்ளி மாறும் பிள்ளைக்குச் சான்றிதழை உடனே வழங்கச் சொல்கிறது; எட்டாம் வகுப்பு முடிப்பவருக்கும் அதே முறை வேண்டும். இந்தப் பிள்ளைகளைப் பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடலாம். காப்புத்தொகையையும் சந்தாவையும் ஊராட்சியோ நன்கொடையாளரோ செலுத்த அனுமதித்தால் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர் போனாலும் உறுப்பினர் அட்டை கையில் இருக்கும்.

நூல் ஊரைத் தேடிப் போவது இம்மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1931 அக்டோபரில், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் யோசனையில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்துதான் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. மூன்று துறைகளின் அனுமதி அப்போது தேவைப்பட்டிருக்காது.

ஆகவே கீழ்க்காணும் ஆணைகளைப் பிறப்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம்:

1. கோடை இரவலில் நூற்றுக்குப் பத்து வரையிலான நூல் இழப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் பேரில் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், ஆசிரியரிடமிருந்தோ பெற்றோரிடமிருந்தோ பிடித்தம் கூடாது என்று முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகச் செயல்முறை ஆணை. இதற்கு மாநில அளவில் ஒப்புதல் வேண்டுமெனில் தங்கள் பரிந்துரையுடன் அரசுக்கு அனுப்பிவைத்தல்.

2. ஊராட்சி நூலகக் கட்டடங்களை ஏப்ரல் கடைசி வாரம் முதல் பள்ளி திறக்கும் நாள் வரை மாலை வேளையில் திறந்துவைக்க, சாவியை ஊராட்சிச் செயலரிடமிருந்து தன்னார்வலர் பெற்றுக்கொள்ள வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கு அறிவுரை. மின்விளக்கு இல்லாத இடங்களில் அதையும் சேர்த்து.

3. எட்டாம் வகுப்பு முடிப்பவர்களை நூலக உறுப்பினராக்க மாவட்ட நூலக அலுவலருக்கு அறிவுரை.

முதல் ஆண்டில் எல்லாப் பள்ளிகளிலும் தொடங்க வேண்டுமென்பதில்லை. எங்கள் மூன்று ஒன்றியங்களிலும் ஒன்றியத்துக்கு ஐந்து நடுநிலைப் பள்ளிகள் போதும். தைப்பதையும் அடுக்குவதையும் பதிவேட்டைச் சரிபார்ப்பதையும் ஊதியமின்றிச் செய்து தருகிறோம். ஆணை மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் வர வேண்டும். ஏப்ரல் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, கடைசித் தேர்வுக்கு முந்தைய வாரமே முதல் இரண்டு நூல்களைக் கையில் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. கடைசித் தேர்வன்று கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், மணி அடித்த ஐந்தாவது நிமிடத்தில் பள்ளியில் ஒரு பிள்ளையும் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர்களின் கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

இடம்: மன்னார்குடி

நகல்:
முதன்மைக் கல்வி அலுவலர், திருவாரூர்.
மாவட்ட நூலக அலுவலர், திருவாரூர்.
வட்டார வளர்ச்சி அலுவலர்கள், மன்னார்குடி, நீடாமங்கலம், கோட்டூர்.